பயிற்சிக்கு வந்த மகள்

வேடியப்பனின் மகள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வருகிறாள் என்ற கடிதம் கிடைத்த அன்றைக்கு முதலாளி கமலக்கண்ணன் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். பண்டிகை நாள் தவிர்த்து அவர் டீ வாங்கிக் கொடுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

"உம் பொண்ணு திருப்பூரு, பெங்களூருன்னு போவும்னு பாத்தா நம்ம பட்டறையக் கேட்டுகீது வேடியப்பா. யுனிவர்சிட்டி முத்திரை போட்டு லெட்டர் வந்துகீது பாரு" என்று தாளை ஆட்டிக் காட்டினார்.

சாயத்தொட்டியின் ஆவிக்கு நடுவே டம்ளரும் கையுமாக நின்ற வேடியப்பன் சிரித்துவைத்தார். டீயைக் குடிக்காமல் திட்டில் வைத்தார்.

போன ஆடி மாதத்திலிருந்து அவருக்கு நீலம் சரியாகத் தெரியவில்லை. மற்றபடி கண்ணில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போளூர் பஸ்ஸா களம்பூர் பஸ்ஸா என்று பலகையைப் படிக்க முடிந்தது. அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் எல்லாம் பழையபடி இருந்தன. நீலத்தின் மேல் மட்டும் யாரோ அழுக்குக் கண்ணாடியைச் சாத்தி வைத்தது போலிருந்தது. கத்தரிப்பூ எது, கருநீலம் எது என்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு திணறினார்.

அவருடைய வேலையே அதுதான். தறிக்காரர் கொடுக்கும் சாம்பிள் துணியைப் பார்த்து, கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலை முக்கி முக்கி எடுத்து, நிறம் ஒத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். "ஆச்சி, எடு" என்கிற வார்த்தையைச் சொல்லும் உரிமை அந்தப் பட்டறையில் அவர் ஒருவருக்குத்தான். ஈர நூல் உலர்த்த வந்தவர் அந்த இடத்துக்கு வர பதினோரு வருஷம் ஆனது. வந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

எதிர்ப்பக்கம் கம்பைப் பிடித்து நூலைத் திருப்பிக்கொண்டிருக்கும் அருள்தாஸிடம் ஒன்றிரண்டு முறை ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டுப் பார்த்தார். "இன்னா தாஸு, ஒத்துச்சா?"

அருள்தாஸுக்கு நாற்பது வயது. கண் நன்றாகத் தெரியும். ஆனால் மரியாதைக்காரர். "நீ சொன்னா சரிதாண்ணா" என்று முடித்துவிடுவார். அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது?

ராணிப்பேட்டைப் பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைக் காட்டலாம் என்று நினைத்து நினைத்தே மாதங்கள் ஓடின. காட்டினால் ஏதாவது சொல்வார்கள். சொன்னால் தொட்டியை விட்டு இறங்க வேண்டும். வீட்டில் இதையெல்லாம் சொல்லவும் ஆளில்லை. மனைவி முனியம்மா மூன்று வருஷமாகச் சென்னையில் ஒரு வயசான தம்பதியைக் கவனித்துக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள், மறுநாள் போய்விடுவாள். காலனியில் இருந்த அந்த ரெண்டு அறை வீட்டில் வேடியப்பன் தனக்குத்தானே களி கிண்டிக்கொண்டு, டிவியைப் பேசவிட்டுக்கொண்டு இருந்தார்.

அமலா போனில் சொன்னதுதான் அவரை ரொம்பவும் சங்கடப்படுத்தியது.

"கடைசி செமஸ்டர் முழுக்கக் கம்பெனியில வேலை செய்யணும்பா, அதுக்கு மார்க் இருக்கு. எல்லாரும் திருப்பூர் கேட்டாங்க. நான்தான் ஆரணி கேட்டேன். நாலு மாசம் உங்கூட இருக்கலாம்ல?"

எத்தனை நாள் அப்படி ஒரு பேச்சுக்கு ஏங்கியிருப்பார். "வாம்மா" என்றார்.

* * *

தை பிறந்து ஒரு வாரத்தில் அமலா வந்தாள். வேடியப்பன் விடியற்காலை ஆறு மணிக்கே சைக்கிளில் போய்விடுவார். அவள் ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். அவளுக்கு ஆபீஸ் ரூமில் கமலக்கண்ணனின் மேசைக்கு எதிரே நாற்காலி போடப்பட்டது. அந்த அறைக்குள் வேடியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்று பேசித்தான் பழக்கம். மகள் அதற்குள் உட்கார்ந்திருப்பதை ஆவியினூடே பார்க்கும்போது பெருமையாகவும் இருந்தது, யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பது போலவும் இருந்தது.

முதல் வாரம் அவள் கேட்டது யாருக்கும் புரியவில்லை. தண்ணீரின் கடினத்தன்மை என்ன, தொட்டியின் சூடு எத்தனை டிகிரி என்று கேட்டாள். "கொதிக்க ஆரமிச்சா தெரியுமே பாப்பா" என்றார் அருள்தாஸ். ரெண்டாம் வாரம் அவள் நாற்காலியை விட்டு வெளியே வந்தாள். சாயப்பொடி எடை போடுகிற அன்பழகன் பக்கத்தில் செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து, "மாமா, நீங்க எப்படிச் செய்யறீங்களோ அப்படியே செய்ங்க, நான் பாத்துகினே இருக்கேன்" என்றாள். மூன்றாம் வாரம் அவள் துப்பட்டா நுனியில் வாடாமல்லிச் சாயம் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேசித் தீராது அவளுக்கு. "புக்குல அஞ்சு லைன்ல முடிஞ்சிடுதுப்பா. இங்க மழை பெய்ஞ்சா ஒரு மாரி, கரண்டு போனா ஒரு மாரி, அசிட்டிக் ஆசிட் கொஞ்சம் லேட்டா ஊத்துனா ஒரு மாரி. மூணு வருசம் படிச்சது இப்பத்தான் மண்டையில ஏறுது." முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே அவள் பேசுவாள். வேடியப்பன் "ம்" கொட்டுவார். வீட்டில் ஒரு குரல் கேட்கிறதே என்று இருக்கும். அவள் எதையாவது கேட்டுவிடுவாளோ என்றும் இருக்கும்.

தை கடைசியில் அது நடந்தது. ஒரு கல்யாண ஆர்டருக்குச் சாயம் ஏற்றிக் கொடுத்த நூல் முழுவதும் திரும்பி வந்தது. கேட்டது கருநீலம். வந்திருப்பது கத்தரிப்பூ. ஏற்கெனவே மார்கழியில் ரெண்டு முறை இப்படி ஆகியிருந்தது. நெசவுக்கு வாங்கிப்போன குமரேசன் நூல் மூட்டையைத் தரையில் போட்டு, "கண்ணத் தொறந்துகினுதான் வேலை செய்றீங்களா? பொண்ணு வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கத்திவிட்டுப் போனார்.

கமலக்கண்ணன் நேராக அன்பழகனிடம் போனார்.

"எடைதான் தப்பு. சிவப்பு கொஞ்சம் ஜாஸ்தி உழுந்துகீது. போன்ல பேசிகினே பொடி போடறத நானே பாத்துகீறேன்."

"ஒரு கிராம்கூடத் தப்பாப் போடலீங்க."

"அப்ப யாரு? நூலா வந்து தானா கலர் மாத்திகிச்சி?"

அன்பழகன் திரும்பி வேடியப்பனைப் பார்த்தார். எட்டு வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டவர்கள். அவர் பார்த்தது ஒரு வார்த்தைக்காக. அண்ணன் சொன்னால் முதலாளி கேட்பார். வேடியப்பன் குனிந்து நூலைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நீ நாளைலருந்து வர வேணாம். நான் கூப்ட்டு அனுப்பறேன்" என்றார் கமலக்கண்ணன்.

அன்பழகன் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

* * *

"இது எங்கிட்ட குடுங்க சார். எங்க தப்புன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்று அமலா கமலக்கண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுடைய பேராசிரியை கீதாவுக்கும் ரொம்ப சந்தோஷம். பல்கலைக்கழகத்திலிருந்து நிறம் அளக்கிற ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தனுப்பினார். நூலின் மேல் வைத்து அழுத்தினால் நம்பர் காட்டும். பட்டறையில் அதற்குக் கலர் மிஷின் என்று பெயர் வைத்தார்கள்.

"கிளாஸ்ல குடுக்கற கேள்விக்கெல்லாம் பதில் முன்னாடியே இருக்கும்பா. இதுக்கு யாருக்குமே பதில் தெரியாது. எனக்குன்னு வந்த மொத கேள்வி" என்று குதித்தாள் அமலா. தட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. வேடியப்பன் களியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தண்ணீரை எடுத்துப் போய்ச் சோதித்தாள். "தண்ணியில தப்பில்லப்பா." ரெண்டு நாள் கழித்து, "பொடியில தப்பில்ல. பழைய டப்பா, புது டப்பா ரெண்டும் ஒண்ணுதான்." தராசைப் பார்த்தாள். "தராசு கரெக்டா இருக்குதுப்பா. அன்பழகன் மாமாவோட நோட்டையும் பாத்தேன். அவரு மேல தப்பே இல்ல. பாவம்ல?"

"ம்."

அவள் ஒரு கதவைச் சாத்தும்போதெல்லாம் தான் நிற்கிற அறை சிறுத்துக்கொண்டே வருவது போலிருந்தது அவருக்கு. உள்ளே நிற்பது தன் அப்பா என்று அவளுக்குத் தெரியாது. சென்னையிலிருந்து முனியம்மா போன் செய்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். "பொண்ணு பக்கத்துல கீறா, ஒனக்கு இன்னா கொறை?" என்று அவள் சிரித்தாள். "ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை அமலா பேசாமல் வீட்டுக்கு வந்தாள். துணியை மடித்தாள். சோறு வடித்தாள். தண்ணீரைப் பற்றியோ பொடியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. பட்டறையில் ஆபீஸ் ரூமை விட்டு வெளியே வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தூரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேடியப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

"கேக்கறத கேட்டுடு அமலா."

அவள் கை நின்றது. "என்னத்தக் கேக்கறது?"

"மூணு நாளா எம் மூஞ்சியப் பாக்க மாட்டேன்றியே."

அவள் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தப்பு வந்த எல்லாமே நீலம்தாம்பா. கருநீலம், கத்தரிப்பூ, மயில் கழுத்து. சிவப்புல ஒண்ணுகூட இல்ல, மஞ்சள்ல ஒண்ணுகூட இல்ல. எடுத்து வெச்ச பழைய சாம்பிள் நூலையெல்லாம் மிஷின்ல வெச்சிப் பாத்தேன், கார்த்திகையில மூணு நாள் மட்டும் நீலம் கரெக்டா வந்திருக்கு. அந்த மூணு நாள் நீ கலசப்பாக்கத்துக்குச் சாவுக்குப் போயிருந்த. அருள்தாஸ் மாமாதான் பாத்திருக்காரு."

வேடியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எத்தினி நாளாப்பா?"

"ஆடிலருந்து."

"ஏம்பா யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? கலர் பாக்கறவனுக்கு கலர் தெரியலன்னா? நீ படிப்ப உட்டுட்டு ஓடியாந்துடுவ. உங்கம்மா அங்க படற பாடு பத்தாதா? இன்னும் ரெண்டு மூணு மாசம் தள்ளிட்டா நீ முடிச்சிடுவேன்னு பாத்தேன்."

"அன்பழகன் மாமாவும் மூணு வாரமா வீட்லதாம்பா இருக்காரு."

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து துவைத்த தண்ணீரைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

அமலா சட்டென்று சொன்னாள். "வியாழக்கிழமை கீதா மேடம் வராங்க. ரிப்போர்ட் குடுக்கணும். நான் தண்ணின்னு எழுதிடறேன். போர்த் தண்ணி அப்பப்ப மாறுதுன்னு எழுதிட்டா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அன்பழகன் மாமாவும் திரும்பி வந்துடுவாரு. நீ மெதுவாக் கண்ணக் காட்டிக்கலாம்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். வேடியப்பன் அவள் தலையில் கை வைக்கப் போனார். கையில் ஏறியிருந்த சாயத்தைப் பார்த்துத் தயங்கி, பிறகு வைத்தார். எனக்குன்னு வந்த மொத கேள்வி என்று அவள் குதித்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பொய்யாக ஒரு பதில் எழுத உட்கார்ந்திருக்கிறாள், தனக்காக.

"நீ துணிய அலசு" என்று எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

* * *

அன்பழகன் வீடு ரெண்டு தெரு தள்ளி. அவர் மனைவி தீபா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வேடியப்பனைப் பார்த்ததும் முறத்தோடு உள்ளே போய்விட்டாள். அன்பழகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழவில்லை.

"அன்பு, தப்பு எம்மேலப்பா. எனக்கு நீலம் தெரியல. ஆறு ஏழு மாசமா."

அன்பழகன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அன்னிக்கி மொதலாளி கேட்டப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"உம் பக்கம் திரும்பிப் பாத்தேண்ணா. நீ குனிஞ்சிகினே இருந்த. எடை போடத் தெரியாதவன்னு ஊரே பேசுது. எங்க மாமனாரு வந்து கேட்டுட்டுப் போறாரு. அதை இங்க வந்து எங்கிட்ட சொல்ற. எனக்குத்தான் தெரியுமே நான் தப்புப் பண்ணலன்னு. போய்ச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

உட்காரச் சொல்லவில்லை. வேடியப்பன் நின்றபடியே கேட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கமலக்கண்ணன் பட்டறையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருக்கும்போதே வேடியப்பன் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள்ளேயே போய், நின்றபடி சொன்னார். கமலக்கண்ணன் ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். சாம்பல் மேசையில் விழுந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே வேடியப்பா. நான் இன்னா ஒன்ன வெளிய தள்ளியா உட்டுடுவேன்? ஒரு மனுசனை நான் கைநீட்டி வெளிய அனுப்பிட்டேன். அதுக்கு நீ பக்கத்துல நின்னுகினு இருந்துகீற."

"ஆமாங்க."

"ஆமாங்கன்னா?" அவர் குரல் உயர்ந்து, பிறகு தானே அடங்கியது. "கண்ணைக் காட்டு மொதல்ல. அதுவரைக்கும் தொட்டிய தாஸு பாக்கட்டும். நீ ஒணத்தற எடத்துக்குப் போ."

ஒன்பது மணிக்கு அமலா வந்தாள். சாயத்தொட்டியின் முன்னால் அருள்தாஸ் நின்றுகொண்டிருந்தார். அவள் கண்கள் பட்டறை முழுக்கத் தேடின. பின்பக்கக் கொட்டகையில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பார்த்த வேலையைப் பார்த்துக்கொண்டு, ஈர நூலை உதறி மூங்கிலில் மாட்டிக்கொண்டிருந்தார் அவள் அப்பா. கிட்டே வந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் ஈர நூல் வரிசையாகத் தொங்கியது.

"சொல்லிட்டியாப்பா?"

"சொல்லிட்டேன். நீ போய் உன் வேலையப் பாரு. ஜல்தி எழுது, அவங்க வியாழக்கிழமை வராங்கன்னியே."

* * *

கீதா வந்தபோது அமலா உள்ளதை எழுதியிருந்தாள். பெயர் போடவில்லை. நிறம் பார்க்கிற தொழிலாளிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை வேண்டும், ஒருவர் சொல்வதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், தொட்டியின் பக்கத்திலேயே பகல் வெளிச்சம் போல விளக்கு போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். கமலக்கண்ணன் அந்த வாரமே விளக்கைப் போட்டார்.

"ஒரு வேலையும் தெரியாத புள்ளைய நாலு மாசம் வெச்சிகினு நான் இன்னா பண்றதுன்னு பாத்தேன் மேடம்" என்றார் அவர். "எங்க கண்ணு முன்னாடி இருந்தத அதுதான் காட்டிச்சி."

"எங்களாலயும் இதைக் கிளாஸ்ல சொல்லிக்கொடுக்க முடியாதுங்க" என்றார் கீதா. அமலா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கொட்டகையில் இருந்த வேடியப்பனுக்கு அவர்கள் பேசுவது கேட்டது.

அன்பழகனைக் கமலக்கண்ணன் தானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். அன்பழகன் வரவில்லை. களம்பூரில் ஒரு அரிசி மில்லில் எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலையில் வேடியப்பன் சைக்கிளில் போகும்போது அவர் பஸ்ஸுக்கு நிற்பார். வேடியப்பன் மணி அடிப்பார். அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்குனியில் கண்ணில் புரை என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். முனியம்மா ரெண்டு நாள் லீவில் வந்து சொட்டு மருந்து விட்டாள். அவள் போனபிறகு அமலா விட்டாள். சித்திரைக் கடைசியில் அமலாவும் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில், "இன்னொரு கண்ணுக்கு நான் வந்துடறேன்" என்றாள். வேடியப்பன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். அவளுடைய பையைத் தூக்கிப் பஸ்ஸில் வைக்கக்கூட அவள் விடவில்லை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீடு பழையபடி ஆனது. சத்தத்துக்கு டிவியைப் போட்டார். முருங்கைக்கீரையை உருவிப் பாத்திரத்தில் போட்டார். ஒருவருக்கு எவ்வளவு உருவுவது என்று தெரியாமல் அதிகமாகிவிட்டது.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் போன் வந்தது.

"அப்பா, வேலை கெடச்சிடுச்சி. ஈரோட்டுல. பெரிய சாயக் கம்பெனி. லேப்ல."

"அப்படியா!" என்றார். எழுந்து நின்றுவிட்டார். "இன்னா கேட்டாங்க? கஷ்டமா கேட்டாங்களா?"

"மார்க்கெல்லாம் பாக்கவே இல்லப்பா. பயிற்சியப் பத்தியேதான் அரை மணி நேரம். நீ செஞ்சதுல எது கஷ்டமா இருந்துச்சின்னு கேட்டாங்க. நீலத்தப் பத்தி சொன்னேன். எப்படிக் கண்டுபிடிச்சேன், எதெல்லாம் இல்லன்னு தள்ளுனேன், எல்லாம்."

வேடியப்பன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "யாருன்னு சொன்னியா?"

"சொல்லல. ஒரு சீனியர் தொழிலாளின்னுதான் சொன்னேன்." பின்னால் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது. "அப்புறம் அங்க இருந்த பெரியவரு ஒருத்தரு கேட்டாரு. கண்டுபிடிச்சது சரி, அந்த ஆளு இப்ப எங்க இருக்காருன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க வீட்லன்னு சொன்னேன்."

வேடியப்பனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"சாப்டியாம்மா?" என்றார் கடைசியில்.

"இனிமேத்தாம்பா. நீ?"

"கீரை கடைஞ்சிகீறேன்" என்றார். "ரெண்டு பேருக்குக் கீது."